ஐந்து மணிக்கு மூடும் விண்ணப்பம்

அத்தியாயம் 19

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எட்டு மாதம் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. அதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். அக்காவுக்கும் தம்பிக்கும் அது நன்றாகவே கைவந்துவிட்டது.

அன்று காலையும் அப்படித்தான். மாடியிலிருந்து அக்கா இறங்கி வந்தபோது தம்பி வாசல்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் மோட்டார் கர்ரென்று இரைகிறது, ஆள் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற சேதி மாடியில் குடியிருக்கும் அக்காவுக்குப் போக வேண்டும். மாடி அவனுக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றது. ஆனாலும் அவன் உள்ளே திரும்பி, மோட்டார் ரிப்பேர் என்று மாடியில் சொல்லிவிடு என்று மனைவிக்குக் குரல் கொடுத்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அக்காவைப் பார்த்து ஒரு கணம் விழித்துவிட்டு, மோட்டார் ரிப்பேராம் அண்ணி என்றாள். ஆளை வரச் சொல்கிறேன் என்று சொல்லிவிடு என அக்காவும் அவளிடமே சொன்னாள். நடுவில் நின்ற அந்தப் பெண் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.

கூடத்தில் அப்பா டிவியை முழுச் சத்தத்தில் வைத்திருந்தார். பாட்டில் தொழிற்சாலையில் கழுவும் பிரிவில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். நாள் முழுக்கக் கண்ணாடியோடு கண்ணாடி இடிக்கும் சத்தத்தில் காதைக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். மருமகள் கிளம்புவதைப் பார்த்ததும் தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"வந்துடுச்சா?"

அவள் இல்லை என்று கையை ஆட்டினாள். நாளைக்கு என்று வாயசைத்தாள். சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு, லேபுக்கு நேரமாகிவிட்டது என்று ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

இந்த வீட்டுக் கதையைப் பாதியில் வந்து கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வர வேண்டியிருக்கிறது.

அக்காவுக்குப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. முன்பெல்லாம் ஆய்விதழ்களைப் படிப்பதற்காகத்தான் நூலகம் பதிப்பகங்களுக்குச் சந்தா கட்டும். இப்போது ஒப்பந்தம் மாறிவிட்டது. இங்கே வேலை பார்க்கிறவர்கள் எழுதும் கட்டுரைகளைப் பதிப்பகம் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைக்காது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். எழுதியவரும் கைக்காசு போட வேண்டியதில்லை, நூலகம் பதிப்பகத்தோடு மொத்தமாகப் பேசி முடித்துக்கொள்ளும். ஓப்பன் ஆக்சஸ் என்று சொல்வார்கள். முக்கியமான நிபந்தனை ஒன்றுதான்: கட்டுரைக்குப் பதில் சொல்லும் பொறுப்பில் இருக்கும் தொடர்பு ஆசிரியர் இந்தப் பல்கலைக்கழகத்து ஆளாக இருக்க வேண்டும். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பார்த்து, ஆம் என்றோ இல்லை என்றோ கணினியில் அழுத்துவது அக்காவின் பொறுப்பு. விதியில் ஒரு மயிரிழை பிசகினாலும் விட மாட்டாள். நூலகத்தில் அவளுக்குக் கறார் மேடம் என்று பெயர்.

தம்பி அதே பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறான். எட்டு மாதத்துக்கு முன்னால் அவனுடைய கட்டுரை ஒன்று வந்தது. தொடர்பு ஆசிரியர் வேறு ஊரில் இருக்கும் நண்பர். பதிப்பகம் கட்டுரையை ஏற்றுக்கொண்ட பிறகு, நண்பர் பெயருக்குப் பதில் என் பெயரைப் போட்டுக்கொள்கிறேன், நீ ஆம் என்று அழுத்திவிடு என்றான். அக்கா முடியாது என்றாள். ஊருக்கெல்லாம் திறந்து விடுகிறாய், கூடப் பிறந்தவனுக்கு மட்டும் பூட்டா என்று கேட்டான். அவன் அவளிடம் கேட்ட கடைசிக் கேள்வி அதுதான்.

பதினான்கு நாளைக்கு முன் தம்பி மனைவியின் கட்டுரை வந்தது. அவளும் அதே பல்கலைக்கழகத்தில் காது பற்றி ஆராய்ச்சி செய்கிறவள்; இந்தக் கட்டுரைக்குத் தொடர்பு ஆசிரியரும் அவளே. மாமனார் டிவி வைக்கும் சத்தத்தில் ஆரம்பித்து, அந்தப் பாட்டில் தொழிற்சாலையில் வேலை பார்த்த, பார்க்கிற இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் காதைப் பரிசோதித்து எழுதியிருந்தாள். கட்டுரையில் பெயர் வரக்கூடாது என்பதால் எல்லோருக்கும் எண். அப்பாவின் எண் நாற்பத்தேழு. அதில் அவருக்கு ஏகப் பெருமை. போன் செய்தால்கூட "நாப்பத்தேழு பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். எதிராளி பேசுவது கேட்காது என்பதால், தான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு டக்கென்று வைத்துவிடுவார்.

பரிசோதனைக்கு முன் ஒவ்வொருவரிடமும் சம்மதப் படிவம் வாங்கினாள் அந்தப் பெண். அதில் அச்சில் இல்லாத ஒரு வரியை இருநூற்றுப் பன்னிரண்டு தாளிலும் கையாலேயே எழுதினாள். 'இது வெளியானதும் நீங்கள் உட்பட யார் வேண்டுமானாலும் பணம் கட்டாமல் படிக்கலாம்.' அப்பா தன் பிரதியை மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு, கட்டுரை வந்துவிட்டதா என்று தினமும் கேட்கிறார்.

அப்படிப்பட்ட கட்டுரைக்கு ஆம் என்று அழுத்தினால், வீட்டு ஆளுக்குச் செய்துகொண்டாள் என்பார்கள். இல்லை என்றால் வீடு இரண்டாகிவிடும். அக்கா யோசித்தாள். விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் உதவி நூலகர் பக்கம் தள்ளிவிட்டாள். அவருக்கு ரப்பர் ஸ்டாம்ப் என்று பட்டப்பெயர். எது வந்தாலும் அரை மணியில் ஆம் என்று அழுத்திவிடுகிற மனிதர். அத்தோடு தன் கை சுத்தம் என்று அக்கா நிம்மதியாக இருந்துவிட்டாள்.

அந்த நிம்மதிக்கு அன்று காலை பத்தே காலுக்கு முடிவு வந்தது.

ரப்பர் ஸ்டாம்ப் காப்பிக் கோப்பையோடு இருக்கைக்கு வந்துகொண்டிருந்தார். அந்தக் காது கட்டுரை போன வாரமே முடிந்திருக்குமே என்று அக்கா போகிற போக்கில் கேட்டாள். அவர் அப்படியே நின்றுவிட்டார். கோப்பையை மேஜையில் வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வராந்தாவுக்கு வாங்க மேடம் என்று கூட்டிக்கொண்டு போனார்.

"அதை நான் தொடவே இல்லையே. தொட வேணாம்னுதானே குடுத்தீங்க?"

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தி விவரம் சொன்னார். விண்ணப்பம் தன் பக்கம் வந்ததுமே திறந்து பார்த்திருக்கிறார். பணியாளர் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே நியமனம் முடிந்த தேதி இருந்தது. அவளுடைய ஆராய்ச்சித் திட்டம் முடிந்து இருபது நாளாகிறது. கட்டுரையைப் பதிப்பகம் ஏற்றுக்கொண்டதோ அதற்கு நான்கு நாள் கழித்து. அந்தத் தேதியில் அவள் இந்தப் பல்கலைக்கழகத்து ஆள் இல்லை. ஆம் என்று அழுத்தினால் பொய். இல்லை என்று அழுத்தினால் காரணம் எழுத வேண்டும், அது கட்டுரையில் பெயர் இருக்கிற அத்தனை பேருக்கும் தானாக மெயிலில் போய்விடும். மூன்றாவது பெயர் அக்காவின் தம்பி. அட்டவணையெல்லாம் அவன் போட்டுக் கொடுத்தது.

"வீட்டு விஷயம், மெயில்ல போய் உடைய வேணாம்னு நீங்க நெனைக்கிறீங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன். பதினாலு நாள் யாரும் தொடலைன்னா அதுவே மூடிக்கும், காரணம் எதுவும் போகாது. அதான் சும்மா விட்டேன் மேடம். இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சோட முடியுது."

அந்த மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்டாம்ப் அடிக்காமல் யோசித்திருக்கிறார், அதுவும் இவள் மேல் இருந்த மரியாதையில். அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. ஒருவர் நேர்மைக்காகத் தொடவில்லை, இன்னொருவர் நாகரிகத்துக்காகத் தொடவில்லை. இரண்டு பேரின் நல்ல குணத்துக்கு நடுவே இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் காது அம்போவென்று கிடந்தது.

அதைவிட அக்காவுக்கு வேறொன்று உறைத்தது. இருபது நாளாக வேலையில்லாத பெண், இன்று காலை யாருடைய லேபுக்கு அப்படி ஓடினாள்?

ஐந்து மணிக்குப் பிறகு அந்தக் கட்டுரையைத் திறக்க யாராலும் முடியாது. மறு விண்ணப்பம் கிடையாது. அக்காவால் இருக்கையில் உட்கார முடியவில்லை. ஜன்னலோரம் போய் நின்று தம்பி மனைவிக்குப் போன் போட்டாள்.

எங்கேம்மா இருக்கிறாய் என்றதும், லேபில்தான் அண்ணி, ஒரு டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பதில் வந்தது. குரல் ரகசியமாக இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது. கீச்... கீச்... டக். கீச்... கீச்... டக்.

மூன்றாம் மாடிப் புத்தகத் தள்ளுவண்டி. முன்சக்கரம் கோணல். அதைச் சரி செய்யச் சொல்லி இரண்டு வருஷமாக மூன்று கடிதம் எழுதியவள் அக்கா. தூக்கத்தில் கேட்டாலும் அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினாள்.

மூன்றாம் மாடியில் பழைய இதழ்களைக் கட்டி வைத்திருப்பார்கள். எல்லாம் கணினிக்கு வந்துவிட்ட பிறகு வண்டி தள்ளும் ஊழியரைத் தவிர அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கடைசி அலமாரிக்குப் பின்னால் ஒற்றை மேஜை. அதில் மடிக்கணினி, சாப்பாட்டு டப்பா, தம்பி மனைவி. கழுத்தில் வெளியாட்களுக்குக் கொடுக்கும் அட்டை. எழுத்து தெரியாதபடி திருப்பிப் போட்டிருந்தாள்.

அக்காவைப் பார்த்ததும் எழுந்தாள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்துகொண்டாள்.

அமைதி காக்கவும் என்ற பலகை தலைக்கு மேலே தொங்கியது. அதை மாட்டச் சொன்னதும் அக்காதான். அதனால் இருவரும் கிசுகிசுப்பாகவே பேச வேண்டியிருந்தது. உரக்கப் பேசியிருந்தால் அக்கா திட்டியிருப்பாள். கிசுகிசுப்பில் திட்ட வரவில்லை.

திட்டத்தை நீட்டிக்கும் கடிதம் அடுத்த வாரம் வந்துவிடும் என்று துறையில் சொன்னார்களாம். வந்த பிறகு வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாளாம். அடுத்த வாரம் மூன்று தடவை வந்துவிட்டது, கடிதம் வரவில்லை. நியமனம் முடிந்த தேதி கட்டுரைக்குக் குறுக்கே வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. விண்ணப்பம் போட்டதும் அண்ணி பார்த்துக்கொள்வாள் என்று நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையைக் கேட்டபோது அக்காவுக்கு எங்காவது போய் முகத்தை மறைத்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

அவனிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள்.

"அவர் போன வருஷமே சொன்னார் அண்ணி. அந்த நிரந்தர வேலை வந்தப்போ எடுத்துக்கோன்னார். பாட்டில்காரங்களைப் பாதியில விட மாட்டேன்னு நான்தான் ஒத்தக்கால்ல நின்னேன். இப்ப எந்த முகத்தோட போய்ச் சொல்றது? நான் அப்பவே சொன்னேன்லன்னு அவர் சொல்ல மாட்டார். சொல்லாம ஒரு பார்வை பார்ப்பார். அதை என்னால தாங்க முடியாது."

அந்தப் பார்வை அக்காவுக்கும் பழக்கம்தான். எட்டு மாதமாகத் தினமும் வாங்குகிறாள்.

அக்கா வழி தேடினாள். ஒப்பந்தத்தின் அத்தனை பக்கமும் அவளுக்கு மனப்பாடம். பக்கம் பக்கமாக மனதுக்குள் புரட்டிக்கொண்டு வந்தவள் ஒன்பதாம் பிரிவின் கடைசிப் பத்தியில் நின்றாள். கட்டுரையை அனுப்பிய பிறகு, அது ஏற்கப்படுவதற்குள் ஒருவரின் நியமனம் முடிந்துவிட்டால், வேலை முழுவதும் இங்கேதான் நடந்தது என்று துறைத் தலைவர் எழுதிக் கொடுத்தால் போதும். அந்தக் கடிதத்தோடு ஆம் என்று அழுத்தலாம். பொய்யில்லை, சலுகையுமில்லை. பட்டம் முடித்துவிட்டுப் போகும் ஆய்வு மாணவர்களுக்காக வாதாடி அந்தப் பத்தியைச் சேர்த்ததே அவள்தான். இதுவரை யாரும் பயன்படுத்தாததால் அவளுக்கே மறந்திருந்தது. பதினான்கு நாளைக்கு முன் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே ஞாபகம் வந்திருக்கும்.

சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. ஆனால் இப்படி வரும் கடிதங்களுக்கெல்லாம் பொதுவாக இன்னொரு விதியும் இருந்தது. நியமனம் முடிந்த தேதியோடு அந்தக் கடிதத்தின் நகல் கட்டுரையில் இருக்கும் எல்லோருக்கும் போக வேண்டும். தம்பியோடு சண்டை வந்த பிறகு, இனி யாரும் யாருக்கும் தெரியாமல் பெயரை மாற்றி விளையாடக் கூடாது என்று அக்கா சேர்க்க வைத்த வரி அது.

தெளிந்த முகம் மறுபடி இருண்டது. அவள் கொஞ்ச நேரம் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு, அவரையே தொடர்பு ஆசிரியராகப் போட்டுவிட்டால் என்ன, அவர் இங்கேதானே வேலை பார்க்கிறார் என்று மெதுவாகக் கேட்டாள்.

"எட்டு மாசம் முன்னாடி அவன் என்கிட்ட கேட்டது இதையேதான்."

"அப்போ விட்டுடுங்க அண்ணி. அஞ்சு மணிக்கு அதுவா மூடிக்கட்டும். எனக்கு அதுதான் நல்லது."

அக்காவுக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று பிரித்துப் பார்க்க முடியாத ஆத்திரம். கூடப் பிறந்தவனுக்குக் காட்டாத இரக்கத்தை இவளுக்குக் காட்டி, சத்தமில்லாமல் மூடவிட்டுக் கீழே இறங்கிப் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. ரப்பர் ஸ்டாம்ப்கூட அதைப் பெருந்தன்மை என்றுதான் நினைப்பார்.

"விட்டுடலாம். நாளைக்குக் காலையில அப்பா வந்துடுச்சான்னு கேப்பார். என்னன்னு கையை ஆட்டுவே?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். தள்ளுவண்டி இன்னொரு வரிசையில் கீச்சிட்டுக்கொண்டு போனது. பிறகு அவள் டப்பாவைத் திறக்காமலே பைக்குள் போட்டுவிட்டு எழுந்தாள். துறைத் தலைவர் எத்தனை மணிக்கு வருவார் என்று விசாரித்துவிட்டு வருகிறேன் என்றாள்.

துறைத் தலைவர் மூன்றரைக்குத்தான் வருவார் என்றார்கள்.

அன்றைக்கு அக்கா உட்கார்ந்ததை யாரும் பார்க்கவில்லை. 'விண்ணப்பதாரர் என் தம்பியின் மனைவி' என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு தலைமை நூலகரைத் தேடிப் போனாள். அவர் அடுத்த வருஷத்து ஒப்பந்தத்துக்காகப் பதிப்பகத்தாரோடு கூட்டத்தில் இருந்தார். கதவைத் தட்டி, வெளியே வரவழைத்து, தாளை நீட்டினாள். அவர் படித்துவிட்டு, நீ அழுத்தாதே, உதவி நூலகர் அழுத்தட்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அக்கா பைண்டிங் அறைக்குப் போய் எண்ணெய்க் குப்பியை வாங்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினாள். தள்ளுவண்டியைக் கவிழ்த்துப் போட்டு முன்சக்கரத்துக்கு எண்ணெய் விட்டாள். மூன்று கடிதம் எழுதிய நேரத்தில் இதைச் செய்திருக்கலாம் என்று அவளுக்கே தோன்றியது.

நான்கு மணி தாண்டி ஐந்து நிமிஷத்தில் அந்தப் பெண் கடிதத்தோடு வந்தாள். நாலு வரிதான். வேலை முழுவதும் இங்கே நடந்தது, நியமனம் இன்ன தேதியில் முடிந்தது, கையெழுத்து, முத்திரை. ரப்பர் ஸ்டாம்ப் அதை ஸ்கேன் செய்து விண்ணப்பத்தோடு சேர்த்தார். ஒரு அழுத்து அழுத்தினால் தீர்ந்தது.

அக்கா அவர் கையைத் தடுத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள்.

"மெயில் போறதுக்கு முன்னாடி உன் வாயால அவன் கேக்கணும். நாலரைக்கு அவனுக்கு க்ளாஸ் முடியுது. நீ போய்ச் சொல்லு. அஞ்சுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கிற வரைக்கும் நாங்க அழுத்தாம உக்காந்திருக்கோம்."

அவள் தலையாட்டினாள். பையை எடுத்துக்கொண்டாள். கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்து, கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றி அக்காவின் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

புள்ளியியல் கட்டடம் இரண்டு கட்டடம் தள்ளித்தான். ஐந்து நிமிஷ நடை.

நாலரை ஆனது. நாலே முக்கால் ஆனது. ரப்பர் ஸ்டாம்ப் கணினித் திரை அணைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள அடிக்கடி மவுஸை ஆட்டிக்கொண்டிருந்தார். அக்கா தம்பி மனைவிக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நாலு ஐம்பதுக்கு மறுபடி செய்தாள். இல்லை. நாலு ஐம்பத்து மூன்றுக்கு, எட்டு மாதத்தில் முதல் தடவையாகத் தம்பியின் எண்ணுக்கே போட்டாள். இரண்டு தடவை மணி அடித்ததுமே அவன் துண்டித்தான். இன்னொரு தடவை போட்டாள். அதையும் துண்டித்தான்.

"சொல்லியிருப்பாங்களா மேடம்?" என்றார் ரப்பர் ஸ்டாம்ப்.

தெரியாது என்றாள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிஷம் மிச்சமிருந்தது. அழுத்தாவிட்டால் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்த வாக்கு போகும். அழுத்தினால் ஒரு மனிதன் தன் மனைவியின் வேலை போன செய்தியை மெயிலில் படிக்கக்கூடும். இரண்டையும் காப்பாற்ற நேரம் கொடுத்தாயிற்று. ஆனால் அந்தப் பெண் மூன்றரை மணியிலிருந்து அலைந்து கடிதம் வாங்கிக்கொண்டு வந்தது சும்மா மேஜையில் வைப்பதற்கு அல்ல. அந்த முடிவு அவள் எடுத்தது.

"அழுத்துங்க சார்."

அழுத்தினார். திரையில் பச்சைக் கோடு ஒன்று ஓடி முடிந்தது. கட்டுரை எல்லோருக்கும் திறந்து வெளியாகும் என்று ஒரு வரி வந்தது. ஆசிரியர்கள் ஐவருக்கும் மெயில் அனுப்பப்பட்டது என்று அதற்குக் கீழே இன்னொரு வரி வந்தது.

ஐந்து மணி தாண்டி நாலு நிமிஷத்தில் அக்காவின் போன் அடித்தது. தம்பி.

எடுத்ததும் மூச்சு மட்டும் கேட்டது.

"அக்கா, உனக்கு எப்பத் தெரியும்?"

அக்கா என்ற சொல்லை அவன் வாயால் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. சந்தோஷப்படக்கூட அவளுக்கு அந்த நேரத்தில் வழியில்லை. காலை பத்தே காலுக்குத் தெரியும் என்றாள்.

"காலையில உனக்குத் தெரியும். உங்க ஆபீஸ்ல தெரியும். அவ துறையில தெரியும். எனக்கு மட்டும் மெயில்ல வருது."

"போன் பண்ணினேன். ரெண்டு தடவை கட் பண்ணினே."

அக்கா, அவள் உன்னிடம் வரவில்லையா என்று கேட்டாள். எப்போது என்று கேட்டான். நாலே காலுக்கு உன்னிடம் சொல்லத்தான் கிளம்பினாள் என்றாள். இங்கே யாரும் வரவில்லை என்று அவன் சொன்னபோது குரலில் கோபம் இறங்கி வேறு ஏதோ ஏறியிருந்தது. அவளுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லையே என்றான்.

அதற்குள் இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. அப்பா. அக்கா தம்பியை இரு என்று நிறுத்திவிட்டு அதை எடுத்தாள்.

"நாப்பத்தேழு பேசுறேன். மருமக சீக்கிரமே வந்துட்டா. வந்ததுல இருந்து டிவியை அணைச்சுட்டு என் பக்கத்துல உக்காந்து என்னமோ சொல்லிக்கிட்டே இருக்கா. அழறா. எனக்கு ஒண்ணும் விழல. நானும் சரிம்மா சரிம்மான்னு தலையை ஆட்டிக்கிட்டு இருக்கேன். அது தப்பா போயிடப் போகுது. யாராவது வந்து என்னன்னு கேளுங்க."

டக்கென்று வைத்துவிட்டார்.

அக்கா தம்பியிடம் திரும்பினாள். அவள் வீட்டில் இருக்கிறாள், ஒன்றுமில்லை, அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றாள்.

"அப்பாகிட்டயா? அவருக்குத்தான் காதே கேக்காதே."

"அதனாலதான் அவர்கிட்ட சொல்றா."

அக்கா கைப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வண்டியை எடுத்துக்கொண்டு நூலக வாசலுக்கு வா, இரண்டு பேரும் சேர்ந்தே போவோம் என்றாள். அவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் போனை வைக்கவுமில்லை. அவள் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.